கைதட்டல்

வங்கி நடத்தும் மோசடித் தடுப்புப் பயிற்சியின் சோதனை அழைப்பு எப்போது வரும் என்று எந்தக் கடைக்காரருக்கும் தெரியாது. வீட்டு மனிதர்களின் குரலிலேயே அது போலியாக அழும். இரக்கப்பட்டு உதவினாலும், திருப்பிக் கூப்பிட்டாலும் தோல்விதான். கடையின் கணக்கை முடக்கிவிடுவார்கள். எதிரே இருந்த பாத்திரக்கடை அப்படித்தான் பூட்டிக் கிடந்தது.

கோகிலவாணி ஜாக்கெட்டுக்கு லைனிங் துணி கிழித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கணவன் லோகநாதனின் குரல்.

“வாணி, பவானி ரோட்டுல லாரி இடிச்சிருச்சு. ரத்தம் நிக்கல. பக்கத்துல ஆளே இல்ல, யாரையாச்சும் அனுப்பு.”

“நம்ம ரகசிய வார்த்தையச் சொல்லுங்க.”

“தலை சுத்துது வாணி. ஞாபகம் வரமாட்டேங்குது.”

“போன தடவையும் இப்படியேதான் அழுதீங்க” என்று துண்டித்தாள்.

துணி வாங்க வந்திருந்த பெண் சிரித்தாள். “கெட்டியான ஆளுங்க நீங்க. நான்னா ஏமாந்திருப்பேன்.”

சோதனை என்றால், துண்டித்த கையோடு போனில் கைதட்டல் ஒலிக்கும். ‘தேர்ச்சி’ என்று செய்தி வரும். கோகிலவாணி துணியை மடித்துப் பையில் போட்டுக் கொடுத்தாள். அந்தப் பெண் படியிறங்கிப் போனாள். போன் மேசைமேல் சும்மா கிடந்தது.

கைதட்டல் வரவில்லை.

அவள் லோகநாதனைத் திருப்பிக் கூப்பிட்டாள். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.