முந்நூறு வயது மாப்பிள்ளை

வீட்டில் இருப்பவர்களைப் பார்த்தும் கேட்டும் அதற்கேற்பப் பாத்திரங்கள் நடந்துகொள்ளும் டிவி தொடர் அது. நானூறு நாள் காத்திருந்த பூங்கோதைக்கு இன்றுதான் நாககன்னியின் கல்யாணம் பார்க்கக் கிடைத்தது. கந்தர்வன் தாலியைக் கையில் எடுத்த நேரம் பார்த்து மாமியார் வந்து உட்கார்ந்தார்.

“ஜாதகம் பார்த்தாச்சா?”

கந்தர்வன் தாலியைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பிலிருந்து ஓலையை உருவிப் பவ்யமாக நீட்டினான்.

“மாப்பிள்ளைக்கு முந்நூறு வயசா? பொண்ணுக்கு இருபதுதானே! சரிப்படாது.”

“ஐயோ அத்தை, பேசாம இருங்க. கல்யாணம் நின்னுடும்!” என்று கெஞ்சினாள் பூங்கோதை.

நாககன்னி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினாள். “அக்கா, உங்களுக்கு ஜாதகம் பார்த்தாங்களா?”

“பத்துப் பொருத்தமும் இருந்துச்சும்மா.”

சோபாவில் வாயைப் பிளந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்த பூங்கோதையின் கணவனை நாககன்னி ஒரு பார்வை பார்த்தாள். அடுத்த நொடி தாலியை அள்ளிக்கொண்டு, கந்தர்வனையும் கையைப் பிடித்து இழுத்தபடி காட்டுக்குள் ஓடியே போய்விட்டாள்.