பத்து நிமிடத்துக்கு ஒரு வரி

எடைத் தட்டில் விழும் ஜன்னல் வெயில் நர்ஸின் கண்ணைக் கூசச் செய்கிறது. எதிரே அம்மாவும் மகளும். மகளின் மடியில் ஆறு வாரக் குழந்தை உறங்குகிறது. அம்மா பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துப் பெருமையாக மேஜைமேல் வைக்கிறாள். "பால் குடிச்ச நேரமெல்லாம் எழுதச் சொன்னீங்களே, பாருங்க சிஸ்டர். பரீட்சைக்குக்கூட இவ இப்படி எழுதினதில்ல." நர்ஸ் சிரித்துக்கொண்டே பக்கத்தைத் திருப்புகிறார். பால் குடித்த நேரங்களுக்கு நடுவே, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு வரி: மூச்சு இருக்கிறது. மூச்சு இருக்கிறது. நேற்று இரவு முழுக்க ஒரு வரிகூட விட்டுப்போகவில்லை. நர்ஸின் சிரிப்பு நின்றுவிடுகிறது. "நீ எப்பம்மா தூங்குற?" மகள் குழந்தையின் மார்பைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நான் தூங்கும்போது மூச்சு நின்னுட்டா?" என்கிறாள். "புள்ளை கொழுகொழுன்னுதானேடி இருக்கு, உனக்கு என்ன வந்துச்சு?" என்கிறாள் அம்மா. "புள்ளை நல்லாத்தான் இருக்கும்மா. இவளுக்குத்தான் உடம்பு சரியில்ல. பிரசவத்துக்கு அப்புறம் சிலருக்கு இப்படி வரும். வைத்தியம் இருக்கு." நர்ஸ் போனை எடுத்து, மனநல டாக்டரிடம் இன்றைக்கே நேரம் கேட்கிறார். "அரை மணி நேரத்துல கூப்பிடுவாங்க. அதுவரைக்கும் நீ சாஞ்சுக்கோ, நான் பாத்துக்கறேன்." நாற்காலியை இழுத்துப் போட்டு அருகில் உட்கார்ந்து, குழந்தையின் மார்பில் உள்ளங்கையை வைக்கிறார். மகளின் தலை சுவரில் சாய்கிறது. இமைகள் பாதி மூடி, மறுபடியும் திறக்கின்றன. "கையை எடுத்துட மாட்டீங்களே, சிஸ்டர்?"