முந்நூறும் முந்நூறும்

எங்கே உளறிக்கொட்டி வேலையைக் கெடுத்துக்கொள்வோமோ என்று அவளுக்கு ஒரே உதறல். எட்டாவதோடு நின்ற படிப்பு; ஆஸ்பத்திரியில் போன் எடுக்கும் வேலை. எதிரே ஆஸ்பத்திரி மேனேஜர், பக்கத்தில் டெலிபோன் இன்ஜினியர்.

“நம்மகிட்ட ரெண்டு லைன். ஒவ்வொண்ணுக்கும் தினம் முந்நூறு போன்தான் வருது. முதல் லைன்ல யாரும் காத்திருக்கறதில்லை. உங்க லைன்ல மட்டும் ஜனங்க தொங்கிட்டிருக்காங்க. ஏம்மா, தூங்கறீங்களா?” என்றார் மேனேஜர்.

மேசைமேல் புகார்க் கடிதம் மடங்கிக் கிடந்தது. யார் வேலை என்று அவளுக்குத் தெரியும். முதல் லைனில் உட்கார்ந்திருக்கிறாளே, அந்த ஊமைக்குசும்பி! வாய்க்கு வாய் ‘அக்கா’ என்பாள். ஆனால் இவளுடைய போன் மணி அடிக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்து நோட்டில் எதையோ கிறுக்குவாள்.

சும்மா விடுவாளா? இவளும் பதிலுக்கு ஒரு புகார் எழுதிக் கைப்பையில் வைத்திருந்தாள்.

“தூங்கலை சார். என்னோடது டெஸ்ட் ரிசல்ட் லைன். மணிக்கு ஒருதரம் லேப்லேர்ந்து ரிசல்ட் வரும். உடனே எல்லாரும் மொய்ச்சுக்குவாங்க. அப்புறம் ஈ காக்கா இருக்காது. அவளுக்கு டாக்டர்கிட்ட நேரம் கேக்கறவங்க. ஒவ்வொருத்தரா வருவாங்க...”

மேனேஜர் நம்பவில்லை.

“எல்லாம் சாக்கு. முந்நூறு முந்நூறுதானே?”

“இல்லை சார், அம்மா சொல்றது சரி,” என்றார் இன்ஜினியர். “எத்தனை பேர்ங்கறது மட்டும் பத்தாது. எப்படி வர்றாங்கன்னும் பார்க்கணும். ரிசல்ட்டை மொத்தமா விடாம, வந்தது வந்ததா அனுப்பச் சொல்லுங்க. கூட்டம் தானா கலைஞ்சுடும்.”

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“கடிதத்திலேயே இதெல்லாம் இருக்கே. முதல் வரியோட நிறுத்திட்டீங்களா சார்?” இன்ஜினியர் அதைப் பிரித்து அவளிடம் நீட்டினார்.

மூன்று நாள் கணக்கு. இரண்டு லைனுக்கும் ஒவ்வொரு போனும் வந்த மணி, நிமிடம். அடியில் அவளுக்குப் பழக்கமான அந்தக் கிறுக்கல்: ‘அக்கா மேல் தப்பில்லை. போன்கள்தான் கும்பலாக வருகின்றன. தயவுசெய்து யாராவது வந்து பாருங்கள்.’

வெளியே வந்ததும் ஊமைக்குசும்பி ஓடிவந்தாள். “என்னக்கா சொன்னாங்க? திட்டிட்டாங்களா?”

“இல்லடி. கொஞ்சம் என் லைனைப் பார்த்துக்கோ, வந்துடறேன்.”

நேரே கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டாள். கைப்பையிலிருந்த தன் புகார்க் கடிதத்தைச் சுக்கல் சுக்கலாகக் கிழித்துப் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள்.

ஒரு துண்டு மட்டும் மிதந்தது. இன்னொரு வாளி ஊற்றினாள்.