நாற்பத்திரண்டிலிருந்து எண்பத்துநாலு வரை

“நாப்பத்தி ரெண்டு?”

“வெள்ளையனே வெளியேறு.”

“எழுபத்தி அஞ்சு?”

“எமர்ஜென்சி. அப்பா, கிரீன் விழுந்துடுச்சு!”

பின்னாலிருந்தவன் ஹாரன் அடித்த பிறகுதான் கோபாலகிருஷ்ணன் காரை நகர்த்தினார். சிட்னியின் பிளஸ் டூவான ஹெச்.எஸ்.சி.யில் மாடர்ன் ஹிஸ்டரி பரீட்சை என்னவோ மகள் பார்கவிக்குத்தான். ஸ்டியரிங்கில் வியர்த்ததெல்லாம் அவர் கை.

பார்கவி மடியில் ஒரு கத்தை குறிப்பு அட்டை. எட்டிப் பார்த்தார், எல்லாம் ரஷ்யா.

“இப்பப் போய் இதை எதுக்கு எடுத்தே? ரஷ்யாக்காரன் எங்கேயும் ஓடிட மாட்டான். அஞ்சாண்டுத் திட்டத்தைச் சொல்லு, நம்ம நேருவோடது.”

அவள் அட்டைகளை மூடி வைத்துவிட்டு மடமடவென்று ஒப்பித்தாள். அவருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கம்பெனி வீட்டுக்கு அனுப்பி ஒன்றரை வருஷம் ஆகப்போகிறது. போகிற இன்டர்வியூவிலெல்லாம் சிரித்துக் கை குலுக்குவார்கள், அதோடு சரி. மனைவி வைதேகி ஆஸ்பத்திரியில் டபுள் ஷிப்ட் பார்க்க, இவர் பாத்திரத்தைத் தேய்த்து வைத்துவிட்டு ஜன்னலையே வெறித்துக்கொண்டிருப்பார். “இப்ப எங்க சார் வேலை?” என்று எவராவது கேட்டுத் தொலைப்பார்களே என்று நம்மவர்கள் கூடுகிற பென்டில் ஹில் மளிகைக் கடைப் பக்கம் போவதைக்கூட விட்டுவிட்டார் மனுஷன்.

அப்போதுதான் நெட்டில் பார்கவியின் ஹிஸ்டரி சிலபஸ் கண்ணில் பட்டது. ‘இந்தியா, 1942–1984.’ சிட்னிப் பரீட்சையில் நம்ம ஊர் சரித்திரம்! விடுவாரா? தினமும் சாப்பாடு முடிந்ததும் மகளை சோபாவில் உட்கார வைத்து ஆரம்பித்துவிடுவார். கையை ஆட்டி, குரலை மாற்றி, ஒரு நாடகமே நடக்கும். அவர் படுக்கப் போன பிறகும் பார்கவி அறையில் விளக்கு எரியும். பொறுப்பான பெண் என்று பூரித்துப்போவார்.

“வேலைதான் இல்லை வைதேகி. இந்த ஒரு பேப்பர்லயும் என்னால பொண்ணுக்கு உதவ முடியலைன்னா அப்புறம் நான் எதுக்கு இருக்கேன்?” என்று ஒரு நாள் வாய்விட்டே சொல்லிவிட்டார். வைதேகி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூட வாசலில் பார்கவியை இறக்கிவிட்டவருக்கு வீட்டுக்குப் போக மனசு வரவில்லை. ஜகரண்டா மரத்தடியில் காரை நிறுத்தி உள்ளேயே கிடந்தார். ஊதாப் பூ விழுந்து கண்ணாடியை மூடியது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை. பிரிவினையைச் சரியாகச் சொல்லிக்கொடுத்தோமா? எண்பத்துநாலில் அவசரப்பட்டு ஓட்டிவிட்டோமோ? இனி என்ன கத்தினாலும் அவள் காதில் விழாது. முருகா, முருகா என்று முனகுவதைத் தவிர அவரால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை.

கடைசியில் பிள்ளைகள் கூட்டமாக வெளியே வந்தார்கள். பார்கவியோடு அவள் தோழி மோனிகாவும் வந்தாள். கோபாலகிருஷ்ணன் கதவைத் திறந்துபோட்டுவிட்டு ஓடினார்.

“என்னம்மா, நம்ம கேள்வி வந்துச்சா?”

பார்கவி வாயைத் திறப்பதற்குள் மோனிகா முந்திக்கொண்டாள். “சோ ஈஸி அங்கிள்! ரஷ்யாவுல நாங்க ப்ராக்டிஸ் பண்ணினதே வந்துச்சு.”

“அது கிடக்கட்டும். இந்தியா?”

“இந்தியாவா? லிஸ்ட்ல நிறைய நாடு இருக்கும் அங்கிள். ஸ்கூல்ல ஒண்ணுதான் எடுப்பாங்க. எங்களுக்கு ரஷ்யா. ஓகே, பை பார்கவி!”

நம்ம ஊர் பிளஸ் டூவில் புத்தகத்தில் இருப்பதையெல்லாம் அட்டை முதல் அட்டை வரை படித்தே தீர வேண்டும் என்று வளர்ந்த ஆள். இங்கே நாட்டைப் பொறுக்கி எடுப்பார்கள் என்று அவர் கனவா கண்டார்? அப்படியே கார் மேல் சாய்ந்துவிட்டார்.

“அப்போ இத்தனை நாளா உன் நேரத்தையெல்லாம் நான்தான் பாழாக்கினேனா? ஐயோ, முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே பாப்பா! ஏன் சொல்லலை?”

பார்கவி தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

“வேலை போனதுக்கப்புறம் நீங்க இதைச் சொல்லித்தர்றப்ப மட்டும்தான்ப்பா சிரிச்சீங்க.”