தகடு விரிந்தபோது

"மூலையிலை வெட்டு விட்டனீரோ?"

கணவர் தில்லையம்பலம் கேட்டதும் கமலாம்பிகை மூலைகளைப் பார்த்தாள். விடவில்லை. மடிக்கணினித் திரையில் அவள் வரைந்திருந்த தகட்டு மூடி நாலு பக்கமும் மடிந்து, பார்க்க வடிவாகத்தான் இருந்தது. ஆனால் மூலைகளில் சின்ன வெட்டு விடாமல் மடித்தால் உண்மையான தகடு அந்த இடத்தில் கிழிந்துபோகும். அவர் தலைகீழாக நின்று சொல்லிக்கொடுத்த பாடம் அது.

"மறந்துபோனன்."

"நாளைக்கு லெஸ்லிக்கு முன்னாலை மறக்க ஏலாது."

லெஸ்லி, தில்லையம்பலம் நெடுங்காலமாக வேலை செய்யும் பட்டறையின் முதலாளி. உருக்குத் தகட்டில் மின்பெட்டிகள் செய்கிற இடம். அந்தப் பெட்டிகளைக் கணினியில் வரைந்து கொடுப்பது தில்லையம்பலத்தின் வேலை. வேலை கூடிவிட்டது, தனியே ஏலாது, மனுசியைப் பழக்கித் தருகிறேன் என்று அவரே போய்க் கேட்டிருந்தார். திங்கட்கிழமை வந்து ஒரு மூடியை வரைந்து காட்டட்டும், சரியாக இருந்தால் அவளுக்கும் வேலை என்று லெஸ்லி சொல்லிவிட்டார்.

இதற்காக அவர் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்தார். இதற்காகவே அவள் அப்டன் பார்க் சேலைக்கடை வேலையையும் விட்டாள். நாளைக்குச் சறுக்கினால் அதுவும் இல்லை, இதுவும் இல்லை. ஐம்பது தாண்டியவளை மௌஸைப் பிடித்துப் படம் கீறு என்று ஒற்றைக்காலில் நிற்கிற மனுசனை என்ன செய்வது? ஏன் இந்த அவசரம் என்று கேட்டால், "பழகி வையும், உதவும்" என்பதோடு சரி.

படிப்பிக்கிற விதமும் ஒரு தினுசு. மௌஸைத் தொடவே மாட்டார். பக்கத்துக் கதிரையில் கையைக் கட்டிக்கொண்டு இருப்பார். தகட்டின் தடிப்பு, மடிப்பின் வளைவு, விளிம்பின் உயரம் என்று திரையில் தெரிகிற ஒவ்வொரு இலக்கத்தையும் அவள் வாய்விட்டு வாசிக்க வேண்டும். வாசித்தால்தான் மனதில் நிற்குமாம். பிறகு மடிந்த மூடியைக் கணினியிலேயே தட்டையாக விரித்து, விரிந்த வடிவத்தை அச்செடுத்து, காலைச் சாப்பாட்டுச் சீரியல் பெட்டி மட்டையில் ஒட்டி வெட்டி, மடித்து அவர் கையில் கொடுக்க வேண்டும். பெருவிரலால் விளிம்பைத் தடவிக்கொண்டே பிழை சொல்லுவார். போன கிழமை ஒரு விளிம்பை அவள் வெளிப்பக்கமாக மடித்திருந்ததை அப்படித்தான் பிடித்தார். சாதகம் பார்க்கிற ஐயர்கூட இவ்வளவு கெடுபிடி பண்ணமாட்டார் என்று அவள் மனதுக்குள் திட்டிக்கொண்டாள்.

ஆனாலும் கோபம் நெடுநேரம் நிற்பதில்லை. மனுசன் கொஞ்ச நாளாக மாறித்தான் இருந்தார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து தெருவில் அவளுக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தே பழகியவர். பெற்றோல் செலவைச் சாட்டிக் காரை விற்ற பிறகு, மனோர் பார்க் முருகன் கோயிலுக்குப் போகும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். அதுவும் சேர்ச் றோட்டில், சனம் பார்க்க. கோயில் வாசலில் சிநேகிதி சுசிலா அதைச் சொல்லிக் கேலி பண்ணியபோது கமலாம்பிகைக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வீட்டுக்கு வந்து குசினியில் தனியே நின்று சிரித்தாள். இவ்வளவு காலம் கழித்தாவது கிடைத்ததே என்று மனது நிறைந்துபோயிருந்தது.

"திரும்ப முதல்லையிருந்து வாரும்," என்றார் தில்லையம்பலம்.

அவள் வந்தாள். தடிப்பைக் கொடுத்தாள். விளிம்புகளை ஒவ்வொன்றாக எழுப்பி, உட்பக்கமா வெளிப்பக்கமா என்று இரண்டு தரம் பார்த்து மடித்தாள். நாலு மூலையிலும் வெட்டு விட்டாள். திரையின் ஓரத்தில் ஏதோ எச்சரிக்கை எட்டிப் பார்த்தது. இருந்த பதற்றத்தில் அதை வாசிக்காமலே தள்ளிவிட்டாள். அவள் இலக்கங்களை வாசிக்க வாசிக்க அவர் தலையாட்டிக்கொண்டிருந்தார். யன்னலால் வந்த மத்தியான வெயில் அவர் மடியில் கிடந்தது.

"இப்ப விரிச்சுப் பாரும். பிழை காட்டாமல் விரிஞ்சால் நாளைக்குப் பயமில்லை."

முருகா என்று சொல்லிக்கொண்டு அழுத்தினாள். படக்கென்று திரை கறுத்துப்போனது.

என்ன நடந்ததென்று அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. கரண்ட் பில்லுக்குப் பயந்து சுவரில் உள்ள சுவிட்சுகளையெல்லாம் நிறுத்திக்கொண்டு திரிவது அவளுடைய வழக்கம். காலையில் மடிக்கணினியின் சுவிட்சையும் நிறுத்தியிருக்கிறாள். சார்ஜ் தீர்ந்துபோயிற்று. இதற்காக அவரிடம் எத்தனையோ தரம் பேச்சு வாங்கியவள். இன்றைக்கும் விழப்போகிறது என்று தலையைக் குனிந்துகொண்டு இருந்தாள்.

பேச்சு விழவில்லை. மெல்ல நிமிர்ந்தாள். தில்லையம்பலம் அந்தக் கறுத்த திரையை நேரே பார்த்தபடி, முகம் மலர இருந்தார்.

"ஓம், இப்ப வடிவா விரிஞ்சிருக்கு," என்றார். "இனி நீர் தனியச் செய்வீர்."

கமலாம்பிகை கறுத்த திரையையும் அவர் கண்களையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஓம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, சேர்ச் றோட்டில் தன் கையைத் தேடிப் பிடித்த அந்தக் கையை எடுத்து இறுகப் பற்றிக்கொண்டாள்.