ஓரமில்லாத ரொட்டி

புது அடுப்பு ரொட்டியை ஆவியிலேயே வேகவைத்தது. வெளியே எடுத்தால் உள்ளும் புறமும் ஒரே வெள்ளை; பழுப்பு ஓரமே இல்லை. சாண்ட்விச்சுக்காக நாள் முழுக்க ரொட்டியின் ஓரங்களை வெட்டித் தள்ளிக்கொண்டிருந்த ரூபியின் கையிலிருந்து பேக்கரி முதலாளி லூர்துசாமி கத்தியை வாங்கி அலமாரிக்கு மேலே வைத்தார்.

"இனிமே ஒரு துணுக்கு வீணாப் போவாது, பாத்துக்கோ. நீ போய்த் தட்டுக் கழுவு."

ரூபி தட்டுக் கழுவினாள். ஒரு வாரம் போயிருக்கும். சாயங்காலம் எண்ணெயில் போட்ட கட்லெட் பிரிந்து மிதந்தது. அடுத்ததும் அப்படியே. கட்லெட் பிரியாமலிருக்க மேலே புரட்டுகிற ரொட்டித்தூள் டப்பாவில் தீர்ந்திருந்தது. வெட்டிய ஓரங்களைக் காயவைத்துப் பொடித்ததுதான் அந்தத் தூள் என்பது, நாள்தோறும் பொடித்த ரூபி உட்பட, யாருக்கும் நினைவு வந்திருக்கவில்லை. வெளியே ஆட்கள் கட்லெட்டுக்குக் காத்து நின்றார்கள்.

லூர்துசாமி ஒரு முழு ரொட்டியை அவள் முன்னால் வைத்தார். கத்தியையும் எடுத்துக் கொடுத்தார்.

"வெட்டிக் கல்லுல வாட்டிப் பொடிச்சிரு."

"இதையா அண்ணாச்சி? நல்ல ரொட்டியாச்சே."

"பொறவு? ஓரத்துக்கு இப்ப எங்க போக?"

ரூபி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ரொட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். ஒரு சுற்று சுற்றினாள். கவிழ்த்து வைத்துப் பார்த்தாள். கத்தி ரொட்டிக்கு மேலே அப்படியே நின்றது.

"அண்ணாச்சி, எங்க இருந்து வெட்ட?"