பில்லில் ஒரு திருத்தம்

பிணத்துக்கு ஐஸ் பெட்டி வாடகைக்கு விடும் கடையில் பில் தேடுவது இப்போது வெகு சுலபம். கணினியில் வாடிக்கையாளர் பெயரின் முதல் எழுத்தைத் தட்டினால் போதும். நாளைக்குப் போடப்போகும் பில்லும் சேர்ந்தே வந்து நிற்கும். இதுவரை ஒன்றுகூடப் பொய்த்ததில்லை.

கணக்கு பார்க்கும் மங்கையர்க்கரசி 'ம' தட்டினாள். நாளைத் தேதியில், அவள் பெயரிலேயே ஒரு பில்.

"ஸ்டாஃப் தள்ளுபடியைக்கூட அதுவே போட்டிருக்கும்மா, சமத்து!" என்றார் எட்டிப் பார்த்த முதலாளி.

அந்தக் கடையில் பில் இறந்தவர் பெயரில் போடுவதில்லை. பெட்டி கேட்டு வருகிறவர் பெயரில்தான். வீட்டில் இருப்பதோ அவளும் கணவன் குமரேசனும் மட்டும்.

தன் பெயரை அழித்துவிட்டு, 'குமரேசன்' என்று அடித்தாள். 'மாற்றம் சேமிக்கப்பட்டது' என்றது திரை.

உடனே அவனுக்குப் போன் போட்டாள். "ஏங்க, வரும்போது மல்லிப்பூ வாங்கிட்டு வாங்க. நாளைக்குப் பாத்துக்கலாம்னு சொல்லாதீங்க."